மூன்றாவது சங்கு

கல்லுச்சாமியிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலம் கிடையாது. மணலிலும் வழுக்குப் பாறையிலும் காலை ஊன்றி, நடுவில் தேங்கிக் கிடக்கும் முழங்கால் தண்ணீரைக் கடந்து அக்கரை ஏற வேண்டும். அவ்வளவு தூரம் தாங்கினால்தான் அது கேள்வி என்று ஊரில் சொல்வார்கள். பாதிப் பேர் பாதி ஆற்றிலேயே திரும்பிவிடுவார்கள்.

சாமி என்றாலும் காவி இல்லை, ஜடை இல்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண். அணை கட்டின காலத்தில் வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போட்டவள். ஒரு நாள் கல் உருண்டு இடது பாதத்தை நசுக்கியது. அணை முடிந்ததும் கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் வேறு அணைக்குப் போனார்கள். அவள் அக்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள்.

மலைக்கு மேலே இருக்கும் சுரங்கத்துக்காகவே கட்டிய அணை அது. அதன் மின்சாரத்தில் கீழே ஊரில் ஒரு பல்புகூட எரிவதில்லை. எல்லாம் மேலே கல்லரைக்கும் கிரஷருக்கு.

அணையின் உச்சியில் சங்கு அறை, விசையை அழுத்தினால் ஊதும் மின்சாரச் சங்கு. அங்கே வேலை ஜெசிந்தாவுக்கு. கான்வென்ட்டில் படித்தவள், எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி. கான்வென்ட்டில் அவளுக்குப் பதில்கள் எல்லாம் மனப்பாடம். கேள்விகள்தான் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு வருஷமாக ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை இதுதான். கிரஷர் ஓடும் நேரம் வந்ததும், டர்பைனைத் திறப்பதற்கு முன்னால் மூன்று முறை சங்கு ஊத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிஷம். மூன்றாவது சங்குக்குப் பின் இன்னும் பத்து நிமிஷம் பொறுத்து, ஜன்னலில் எட்டி, ஆற்றை இந்த வளைவிலிருந்து அந்த வளைவு வரை பார்க்க வேண்டும். பிறகு டர்பைன் அறைக்குப் போனில் இரண்டு வார்த்தை. "ஆறு காலி."

அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகுதான் தண்ணீர் இறங்கும். இறங்கினால் ஆனை மந்தை மாதிரி இறங்கும்.

கீழே துணி துவைக்கும் பெண்களுக்கு இது மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போயிருந்தது. முதல் சங்குக்குச் சோப்பு, இரண்டாவதுக்கு அலசல், மூன்றாவதுக்குக் கரையேற்றம். முதல் சங்கு கேட்டதும் பதறி ஓடுகிறவள் ஊருக்குப் புதியவள் என்று சிரிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் வித்யாதரன் சங்கு அறைக்கு வந்தார்.

"தினமும் மூணு வேளை, வேளைக்கு அரை மணி நேரம் கிரஷர் சும்மா நிக்குது. இனிமே ஒரே சங்கு. ஊதினதும் ஆறு காலின்னு சொல்லிரு."

"பார்க்காமயா சார்?"

"பார்த்துப் பார்த்து என்ன கண்டே? என்னைக்காவது காலி இல்லைன்னு சொல்லியிருக்கியா?"

"எழுத்துல தருவீங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஜெசிந்தா ஒரே சங்கு ஊதினாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஆறு காலி" என்றாள்.

கீழே துவைக்க வந்த சின்னக்காளி அப்போதுதான் போர்வைக்குச் சோப்புப் போட ஆரம்பித்திருந்தாள். தண்ணீர் போர்வையையும் அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு நாவல் மரத்து வேர் கையில் சிக்கியது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு, முன்பல் ஒன்று போனது. உயிர் மிஞ்சியது.

அன்று மதியமே, தண்ணீர் வடிந்ததும், ஜெசிந்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினாள்.

"வெயில்ல பிள்ளையத் தூக்கிட்டு வர்றே?" என்றாள் கல்லுச்சாமி.

"சாமி, நான் பார்க்காமலே ஆறு காலின்னு சொல்லிட்டேன்."

"தெரியும். சின்னக்காளி வந்து ஓட்டைப் பல்லைக் காட்டிட்டுப் போனா."

"சொல்லலேன்னா வேலை போயிரும். குவார்ட்டர்ஸ் போயிரும். இவங்கப்பா சுரங்கத்துல லாரி ஓட்டுறாரு, அவரையும் நிறுத்திருவாங்க. சொன்னா..."

"சொன்னா?"

"ஆள் போயிரும்."

கல்லுச்சாமி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் விரலைப் பிடித்து இழுத்துக் கடித்தான்.

"ஆத்தி! எத்தனை பல்லு இவனுக்கு?"

"ரெண்டு."

"ரெண்டை வச்சுக்கிட்டா இந்தக் கடி? பயமே இல்லையே."

"அவனுக்கு என்ன சாமி தெரியும்?"

"அதுவும் சரிதான்."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. "நான் என்ன செய்வேன் சாமி? அதைச் சொல்லுங்க."

கல்லுச்சாமி வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கிள்ளினாள்.

"நாளைக்குக் காலையில சங்கு யாரு?"

"நான்தான்."

"சரி, கிளம்பு. பிள்ளைக்குப் பசிக்குது."

அவ்வளவுதான். இதற்கா இந்த வெயிலில் வந்தோம் என்று ஜெசிந்தாவுக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. முதல் சங்கை ஊதினாள். முதுகைக் காட்டித்தான் நின்றாள். ஆனால் சின்னக்காளியின் ஓட்டைப் பல் முதுகைக் குத்தியது. போனை எடுத்த கை அப்படியே நிற்க, திரும்பி எட்டிப் பார்த்தாள்.

ஆற்றின் நட்டநடுவில், துளை பாதி போட்டுக் கைவிட்ட தட்டைப் பாறையில், கல்லுச்சாமி துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் பக்கத்தில். அந்தக் காலை வைத்துக்கொண்டு கரையேற அவளுக்கு இரண்டு சங்கு நேரம் பிடிக்கும். அது ஜெசிந்தாவுக்குத் தெரியும். கல்லுச்சாமிக்கும் தெரியும்.

போனில் மேனேஜரே இருந்தார். "ஆறு காலியா?"

"இல்லை சார்."

"என்னது?"

"ஆள் இருக்கு சார்."

"உன்னை யாரு எட்டிப் பார்க்கச் சொன்னா?"

"ஜன்னல் இருக்கு சார்."

 அவர் மெதுவாகப் பேசினார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, சொன்னதைக் கேக்கும்னுதான் வேலை குடுத்தேன். மேலே கிரஷர் காத்துக்கிட்டு நிக்குது. ரெண்டே வார்த்தை. சொல்லிட்டுப் போய்ப் பிள்ளைக்குப் பால் குடு."

பால் என்ற சொல்லுக்கே அவளுக்குச் சுரந்தது. சட்டை நனைந்து புடவை ஒட்டிக்கொண்டது.  ஜெபம் சொல்லப் பார்த்தாள். ஆயிரம் தடவை சொன்ன ஜெபத்தின் முதல் வரியே நினைவுக்கு வரவில்லை.

போனைக் கீழே வைத்தாள். இரண்டாவது சங்கை ஊதினாள்.

கீழே பாறையில் கல்லுச்சாமி எழுந்து துண்டை உதறினாள். அவசரமே இல்லை. துவைக்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அலச ஆரம்பித்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா எடுக்கவில்லை. பத்து நிமிஷம் எண்ணினாள். மூன்றாவது சங்கு. சுரங்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்பது போல நீளமாக, கை வலிக்கும்வரை அழுத்திப் பிடித்தாள்.

இன்னும் பத்து நிமிஷம். இந்த வளைவிலிருந்து அந்த வளைவு வரை பார்த்தாள். பிறகுதான் போனை எடுத்தாள்.

"ஆறு காலி."

மதியமும் மூன்று சங்கு ஊதினாள். மாலையிலும் மூன்று. மாலைச் சங்கு முடிந்ததும் ஒரு கடிதம் வந்தது. இதை மட்டும் எழுத்தில் தந்திருந்தார்கள். வேலை இல்லை. ஒரு வாரத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் காலை வேளைத் தண்ணீர் வடிந்ததும் ஜெசிந்தா குழந்தையோடு ஆற்றைத் தாண்டினாள். கல்லுச்சாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிருச்சு சாமி."

"ம்."

"நேத்து நான் முதல் சங்கோட ஆறு காலின்னு சொல்லியிருந்தா?"

"போயிருப்பேன்."

"தெரிஞ்சேதான் உட்கார்ந்தீங்களா?"

"என்ன செய்வேன்னு நீதானே கேட்டே? எனக்குத் தெரியலை. பார்த்திரலாம்னு வந்து உட்கார்ந்தேன்."

 குழந்தை மண்ணை அள்ளி வாயில் போட்டது. ஜெசிந்தா அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்குப் புது ஆள் வர்றாராம். இன்னைக்கு மேனேஜரே ஊதினாரு, ஒரே சங்கு. கரையில நான் நின்னு கத்திக் கத்தி எல்லாரையும் ஏத்தினேன். தினமும் கத்த முடியுமா? புது ஆளுக்கு உங்களைத் தெரியாது. எட்டிப் பார்க்கவும் மாட்டாரு. இனிமே அந்தப் பாறையில உட்காராதீங்க சாமி."

"ஒருத்தின்னா கண்ணுக்குத் தப்பத்தான் செய்யும்."

"அதான் சொல்றேன்."

கல்லுச்சாமி கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளைக்குப் பாறையில என் இடது பக்கம் சின்னக்காளி உட்காருறேன்னுட்டா. பல்லுக்குப் பதில் வராம எந்திரிக்க மாட்டாளாம். துவைக்கிறவளுக எல்லாரும் நாளைக்குச் சிவப்புப் புடவைதான் கட்டணும்னு பேசிக்கிட்டாளுக. எட்டிப் பார்க்காதவன் கண்ணையும் அது குத்துமாம்."

ஜெசிந்தாவின் கை குழந்தையை இறுக்கிக்கொண்டது. "எனக்குப் பயமா இருக்கு சாமி."

"எனக்கும்தான்" என்றாள் கல்லுச்சாமி. "பாறை அகலமானது. பிள்ளையைக் கரையில விட்டுட்டு வா."