நெல்லாச்சி புழு தேடிப் போன கதை

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஒரு கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற பனையில் நெல்லாச்சி என்ற தூக்கணாங்குருவி குடியிருந்தாள். அவள் புருஷன் மஞ்சத்தலையன். அவன் நெய்த கூட்டில் மூன்று குஞ்சுகள்.

தூக்கணாங்குருவிகளுக்கு அப்போது ஒரு கர்வம் உண்டு. "நாம நெல் தின்கிற குலம். புழு பூச்சியெல்லாம் கரிச்சான் குருவி வீட்டுச் சாப்பாடு" என்பார்கள். நெல்லாச்சியும் பால் பிடித்த கதிராகப் பார்த்து எடுப்பாள். புழு இருந்தால் உதறிவிட்டுத்தான் ஊட்டுவாள்.

குஞ்சுகளுக்கு வயிறு நிறைந்தது. ஆனால் வளரவில்லை. பத்து நாளாகியும் வெறும் சிவப்புத் தோல்தான், கால் ஊன்றவில்லை. போன வருஷமும் இப்படித்தான். ஐப்பசிக் காற்று கூட்டை உலுக்கியபோது, இறகில்லாத குஞ்சுகள் கிணற்றில் விழுந்தன. இப்போது புரட்டாசியில் பாதி போய்விட்டது.

ஒருநாள் தலைக்கு மேல் பருந்தின் நிழல் ஓடியது. பயத்தில் நெல்லாச்சி கதிரை உதறாமலே கூட்டுக்குள் புகுந்தாள். கதிரிலிருந்து ஒரு பச்சைப் புழு நெளிந்து வந்தது. தடுப்பதற்குள் கடைக்குட்டி லபக்கென்று விழுங்கிவிட்டது.

"துப்புடா! துப்பித் தொலை!"

"இன்னொண்ணு இருக்காம்மா?" என்றது குட்டி.

அதன் அழுகை தாங்காமல், புருஷனுக்குத் தெரியாமல், மறுநாளும் புழு கொடுத்தாள். அதற்கடுத்த நாளும் கொடுத்தாள். நாலாம் நாள் குட்டியின் சிறகில் கறுப்பாக ஏதோ குத்தியது. இறகுக் குருத்து!

புழு செய்த வேலையா, தானாக வந்ததா? அதைத் தெரிந்துகொள்ளாமல் நெல்லாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடுக்குஞ்சுக்குப் புழுவும் வெட்டுக்கிளியும், மூத்ததுக்கு நெல் மட்டும் என்று கொடுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் நடுக்குஞ்சு எழுந்து நின்றது. மூத்தது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அன்றைக்கு அவள் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே மஞ்சத்தலையன் வந்துவிட்டான்.

"இதென்னடி, வெட்டுக்கிளிக் காலு? நம்ம கூட்டுலயா?"

"கத்தாதீங்க. மூணையும் நல்லாப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

பார்த்தான். மூத்ததை அலகால் நிமிர்த்தினான்; அது மறுபடி சரிந்தது.

"அப்ப இனிமே நாமளும் இதைத்தான் திங்கணுமா?" என்றான் பாவமாக.

"நமக்கு எதுக்கு? கூடு கட்டுற வரைக்கும்தானே நீங்க நாள் பூரா நார் கிழிச்சீங்க? கட்டி முடிச்ச பிறகு கிழிக்கிறீங்களா? இதுங்க இன்னும் கட்டி முடியலை."

வெளியே ஓலை சலசலத்தது. காற்று தொடங்கிவிட்டது. மஞ்சத்தலையன் மூத்ததை ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்தான். அலகு கொள்ளாத வெட்டுக்கிளியோடு திரும்பினான்.

"என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுச் சாப்பாடா?" என்றது வழியில் உட்கார்ந்திருந்த கரிச்சான். வாய் நிறைய இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

ஐப்பசிக் காற்று முழு வேகத்தில் அடித்த அன்று, கூடு ஊஞ்சலாகச் சுழன்றது. இரண்டு குஞ்சுகள் பறந்தன. மூத்தது தவறி, கிணற்றுத் தண்ணீரைத் தொடுமளவு தாழ்ந்தது. நெல்லாச்சி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அது வரப்பில் உட்கார்ந்து நெல் கொறித்துக்கொண்டிருந்தது.

தூக்கணாங்குருவி தான் நெல்லைத் தின்றாலும், இறகு முளைக்கும்வரை குஞ்சின் வாயில் புழுவை வைப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான்.