ஊமைக்குருவி வாய் திறந்த காலை

பறவைகளின் பேச்சு மனிதர்களுக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், ஒரு பங்குனிக் காலை, மணி ஏழு. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மிளகாய் காயப்போட அதைவிட நல்ல நாள் அமையாது.

உப்போடைப்பட்டிக்குப் புதிதாக இருப்புப்பாதை போட்டிருந்தார்கள். முதல் ரயில் மறுநாள்தான் வருவதாக இருந்தது. மண் ஒட்டாத மேடான இடம் ஊரிலேயே அதுதான் என்று கண்டுகொண்ட பெண்கள், பாதை நெடுகச் சாக்கு விரித்து, முக்கால்வாசி காய்ந்திருந்த மிளகாயைப் பரப்பினார்கள். குளிர்ந்திருந்த தண்டவாளத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளினார்கள்.

"மதினி, நாளைக்கு ரயில்ல வர்றவுகளுக்கெல்லாம் தும்மல்தான்!" என்றாள் சோலையம்மாள்.

"தும்மட்டும்டி. நம்ம ஊரு வந்திருச்சுன்னு தெரிய வேணாமா?" என்றாள் அவளுடைய அண்ணன் மனைவி இருளாயி.

பாதையின் ஒருபுறம் ஆழமான பள்ளம். மறுபுறச் சரளைக் கற்களிடையே ஒரு குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டைகளுக்குக் கல்லின் நிறம். சத்தம் எழாதவரை யார் கண்ணிலும் படா. அதனாலேயே அந்தக் குருவியினம் தமக்குள் கிசுகிசுப்பதோடு சரி. ஊரார் ஊமைக்குருவி என்றார்கள்.

திடீரென்று குருவியின் காலடியில் கற்கள் நடுங்கின. வளைவுக்கு அப்பால் கரும்புகை! பாதையைச் சோதிக்க ஒரு நாள் முன்னதாகவே எஞ்சின் வந்துகொண்டிருந்தது. பெண்களோ அதற்கு முதுகு காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாயைத் திறந்துராதே," என்று கிசுகிசுத்தது பக்கத்தில் நின்ற ஆண் குருவி. "கத்தினா அத்தனை பேரும் நம்ம மேலதான் பாய்வாங்க. ஒரு முட்டை மிஞ்சாது."

"கத்தாட்டி ஒரு மனுஷி மிஞ்ச மாட்டா."

பெண் குருவி விருட்டென்று எழும்பியது. எஞ்சினைப் பார்த்து, "ஆளிருக்கு!" பெண்களைப் பார்த்து, "எழுந்திரு!" ஆளிருக்கு, எழுந்திரு, ஆளிருக்கு, எழுந்திரு!

பெண்கள் அலறிக்கொண்டு சரளைப் பக்கம் பாய்ந்தார்கள். முதலில் வந்த இருளாயியின் காலடியில் குருவி சிறகை விரித்து விழுந்தது: "என் பிள்ளைங்க!"

இருளாயி அப்படியே மண்டியிட்டு முட்டைகளின் மேல் கவிழ்ந்தாள். "தாண்டிப் போங்கடி! மிதிச்சிராதீங்க!" அத்தனை பேரும் அவள் முதுகைத் தாண்டிக் குதித்தார்கள்.

எஞ்சின் தடதடத்துக் கடந்தது. மிளகாய் நொறுங்கிச் செம்புழுதியாகக் கிளம்பியது. ஊரே தும்மியது, எஞ்சின் ஓட்டியவரும் தும்மிக்கொண்டே போனார். முட்டைகள் தப்பின. ஆனால் குருவியின் கண்ணோரம் மிளகாய்த் தோல் ஒட்டிக்கொண்டது. தொண்டைக்குள் போன காரத்தில் மற்றச் சொற்களெல்லாம் கருகி, 'ஆளிருக்கு, எழுந்திரு' என்ற அந்த ஒரு கூப்பாடு மட்டுமே மிஞ்சியது.

மறுநாள் காலை இருளாயி மிஞ்சிய மிளகாய்ச் சாக்கைக் கண்மாய்க்கரைக்குத் தூக்கிப் போனாள். சோலையம்மாள் தண்டவாளத்தருகே நின்று, இருபுறமும் பார்த்துவிட்டே கால் எடுத்து வைத்தாள். ஆண் குருவி முதன்முறையாகச் சத்தமாய் வாய் திறந்து, அவளைக் கண்டதும் தன் துணையின் கூப்பாட்டையே கூவியது. சிவந்த கண்ணோரத்துடன், ஆள் வரக் கண்டால் கத்தும் ஆள்காட்டிக் குருவி பிறந்ததும், அதன் குரல் கேட்டால் அவ்வூரார் தண்டவாளத்தில் வைத்த காலை எடுத்துக்கொள்வதும் அந்தக் காலையிலிருந்துதான்.