மொச்சியேந்தல் பள்ளிக்கூடத்துப் போர்டு

மொச்சியேந்தல்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. ஒரு வேலை சொன்னால் தட்டாமல் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். போதும் என்று யாராவது சொல்கிற வரைக்கும் செய்துகொண்டே இருப்பார்கள். அந்த ஊருக்கு வந்த சங்கடமெல்லாம் அந்த நல்ல குணத்திலிருந்துதான் வந்தது.

ஊர்த் தொடக்கப்பள்ளிக்குப் பெற்றோர் குழு என்று ஒன்று உண்டு. நாலே நாலு பேர். மாவு மில் வைத்திருக்கும் வெள்ளையப்பன்தான் தலைவர். முதல் கூட்டத்தில் ஜெசிந்தா டீச்சர் ஒரு நாற்காலியைக் காட்டி, "தலைவரா வர்றவர் இதுல உக்காரலாம்" என்றார். வெள்ளையப்பனுக்கு அன்றைக்கு முழங்கால் வலி. மற்ற மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். இட்லிக் கடை சுந்தரவல்லி, ஆடு வளர்க்கும் தவசி, பெயின்டர் காத்தமுத்து.

அந்த வருஷம் காலாண்டு லீவுக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. லீவு முடிந்து பள்ளி திறக்கிற அன்றைக்கே கல்வி அதிகாரி வருவார். பிள்ளைகளைப் போர்டைப் பார்த்து வாசிக்கச் சொல்வார். வாசிக்கவில்லை என்றால் மொச்சியேந்தல் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியில் சேர்த்துவிடுவார்கள்.

வெள்ளையப்பன் மகள் பவளம் இரண்டாம் வகுப்பு. அந்தச் சாலையோ அவருக்கு நன்றாகத் தெரிந்த சாலை. போன தை மாசம் அந்தப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். வேட்டி துவைத்துக் கட்டி, மொய்க் கவரோடு புறப்பட்டார். சாலையோரத்தில் 'வாகனம் வரும்போது கடக்காதீர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். வாகனம் வந்துகொண்டே இருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் போய் நின்றவர், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே கவரோடு வீடு திரும்பினார்.

"என்னாலேயே கடக்க முடியலை டீச்சர்" என்றார் வெள்ளையப்பன். "எம்புள்ளை இந்தப் பக்கமே நின்னு நின்னு அதுக்குக் கல்யாண வயசாயிரும்."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் டீச்சர். அவருக்கு லீவு முழுக்க டவுனில் பயிற்சி. "ரெண்டே வேலை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு இடம் விடாம வெள்ளையடிங்க. அப்புறம், போர்டு தேய்ஞ்சுபோச்சு. ஊர்ல வசூல் பண்ணிப் புதுசு ஒண்ணு வாங்குங்க. குடுத்தவங்க பேரு ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது, போர்டுலயே போட்டுருங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை டீச்சர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். எட்டு வருஷமாக அந்த ஊரில் வேலை பார்க்கிறார்.

மறுநாளே வெள்ளையடிப்பு ஆரம்பமானது. சுவர், கதவு, ஜன்னல், பெஞ்சு, டீச்சர் நாற்காலி, மணியடிக்கிற தண்டவாளத் துண்டு, சுவரில் தொங்கின தமிழ்நாட்டு மேப் எல்லாம் வெளுத்தன. தவசி சுண்ணாம்பு மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி பழைய போர்டுக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், இது?"

வெள்ளையப்பன் பக்கத்தில் வந்து பார்த்தார். "டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஒரு இடம் விடாமன்னாங்க."

"போர்டை விட்டுட்டுன்னு சொன்னாங்களா?"

"அப்படிச் சொல்லலை."

"படிச்சவங்க சொன்னதுல நம்மளா ஒண்ணைச் சேர்க்கிறது தப்பு தவசி. அடி."

காய்ந்த பிறகு காத்தமுத்து ஒரு சாக்பீஸை எடுத்து அதில் எழுதிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அழுத்தி எழுதினார். அப்போதும் தெரியவில்லை. நாலு பேரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுத்தையெல்லாம் சுண்ணாம்பு குடிச்சிருது" என்றார் தவசி.

"நல்ல வேளை, புதுப் போர்டு வாங்கச் சொன்னாங்க" என்றார் சுந்தரவல்லி. "டீச்சருக்கு முன்யோசனை அதிகம்."

வசூல் ஒரே நாளில் முடிந்தது. மொச்சியேந்தலில் பெயர் போடுவார்கள் என்றால் கொடுக்காதவர் கிடையாது. அந்த ஊர் மாரியம்மன் கோயில் மின்விசிறியில் இறக்கைக்கு ஒன்றாக மூன்று பெயர் எழுதியிருக்கும். சுற்றினால் பெயர் தெரியாது என்று உபயதாரர்கள் அதைச் சுற்றவே விடுவதில்லை.

புதுப் போர்டு வந்து சுவரில் ஏறியது. கன்னங்கரேல் என்று, முகம் பார்க்கலாம் போல இருந்தது. காத்தமுத்து சாக்பீஸால் முதல் பெயரை எழுதப் போனார்.

"சாக்பீஸா? ஒரு துடை துடைச்சா எங்க பெரியப்பா பேரு போயிருமே" என்றார் தவசி. "செத்த மனுசனை இன்னொரு தடவை அழிக்கவா?"

வெள்ளையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. சுவர் ஓரமாக வெள்ளை எனாமல் பெயின்ட் டப்பா இருந்தது. காத்தமுத்து தூரிகையை எடுத்தார். பெயர் போட்டால் இனிஷியல் வேண்டும். இனிஷியல் போட்டால் அப்பா பெயர் முழுசாக வேண்டும். அண்ணனுக்கு முழங்கை நீளம் எழுதினால் தம்பிக்கும் முழங்கை நீளம் எழுத வேண்டும். மூன்றாம் நாள் போர்டு நிறைந்தது. கீழே மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மிஞ்சியது. பணத்துக்குப் பதிலாகச் சேவல் கொடுத்தவர் பெயர் அதில் உட்கார்ந்தது. ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மாலை ஜெசிந்தா டீச்சர் வந்தார். வெள்ளைப் போர்டைப் பார்த்தார். எழுதி நிறைந்த கறுப்புப் போர்டைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் நீலச் சேலையின் பின்பக்கமும் வெளுத்திருந்தது.

"நாளைக்குப் புள்ளைங்க எதைப் பாத்து வாசிக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போர்டைப் பாத்துத்தான் டீச்சர்" என்றார் வெள்ளையப்பன். "நீங்க எழுதுற வேலைகூட இல்ல. எல்லாம் எழுதியாச்சு."

டீச்சர் சேலையைத் தட்டிக்கொண்டே, "நாளைக்கு அதிகாரி உள்ள வந்ததும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. புள்ளைங்களுக்கும் சொல்லிருங்க" என்றார்.

சொன்னார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள்.

அதிகாரி ஆதிகேசவன் கறாரான மனிதர். மூக்குக் கண்ணாடி, கத்தரித்த மீசை. உள்ளே வந்து, "வணக்கம் பிள்ளைகளா" என்றார். பதில் இல்லை. "நல்லா இருக்கீங்களா?" பதில் இல்லை. வாசலோரம் நின்ற வெள்ளையப்பனைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். வெள்ளையப்பன் உதட்டை இறுக்கிக்கொண்டு, போர்டில் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் காட்டினார்.

"இந்த ஊர்ல யாருக்குமே பேச்சு வராதா?"

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. "இப்போ வாயைத் திறக்கலாம்" என்றார்.

பிள்ளைகள் எல்லோரும் வாயைத் திறந்தார்கள். வாசலில் நாலு பேரும் திறந்தார்கள். திறந்தபடியே நின்றார்கள். தவசியின் வாயைச் சுற்றி ஒரு ஈ பறந்தது, அவர் அசையவில்லை.

"வாசிங்க" என்றார் டீச்சர். "பவளம், நீ போர்டைப் பாத்து வாசி."

வெள்ளையப்பனுக்கு நாலுவழிச் சாலையில் லாரிகள் போகிற சத்தம் இங்கேயே கேட்பது போல இருந்தது. பவளம் எழுந்து பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அமரர் கருத்தக்கண்ணு நினைவாக, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் மற்றும் சிங்கப்பூரிலிருக்கும் கடைசி மருமகன் உபயம்."

ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அடுத்த பையன் அடுத்த வரியை வாசித்தான். எல்லாம் அவரவர் தாத்தா பெயர், சித்தப்பா பெயர். வரி வரியாகப் போய், மூலையில் இருந்த சேவல் வரைக்கும் முடித்துவிட்டார்கள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வாசிப்பு பிரமாதம். அமரர்ங்கிற வார்த்தை அஞ்சாம் வகுப்புக்கே வராது. சரி, கணக்கு எங்கே போடுவீங்க? இதுல ஒரு புள்ளி வைக்க இடமில்லையே."

வெள்ளையப்பன் மறுபடி வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி நல்ல மனிதரும்கூட. பையிலிருந்து பணத்தை எடுத்து வெள்ளையப்பன் கையில் கொடுத்தார். "என் பங்கா இருக்கட்டும். இன்னொரு போர்டு வாங்குங்க. அதுல ஒரு எழுத்து இருக்கக் கூடாது. அடுத்த மாசம் வந்து கணக்குக் கேப்பேன். அதுக்கும் பதில் சொல்லிட்டாங்கன்னா பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கும்."

அந்த மாசம் முழுக்க டீச்சர் புளியங்கொட்டையை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். டவுனில் சொல்லி வைத்த போர்டு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அதிகாரி வருவதற்கு முந்தின நாள், டீச்சர் சாயங்கால பஸ்ஸில் தன் ஊருக்குப் போன பிறகு, ஒரு ஆட்டோவில் வந்து இறங்கியது. இடைஞ்சல் எதுவும் இல்லாமல் குழு கூடியது.

"சிக்கல் பெருசு" என்றார் வெள்ளையப்பன். "குடுத்தவங்க பேரு விட்டுப்போகக் கூடாது. இது டீச்சர் சொன்னது. ஒரு எழுத்து இருக்கக் கூடாது. இது அதிகாரி சொன்னது. ரெண்டு பேரும் பெரியவங்க."

"எழுத்து இல்லாம பேரு எழுத முடியாதே மாமா" என்றார் காத்தமுத்து. "எங்க தொழில்ல அது கிடையாது."

"சின்னதா எழுதினா?" என்றார் தவசி.

"சின்ன எழுத்தும் எழுத்துதான் மச்சான்" என்றார் காத்தமுத்து. "எங்க வீட்டுக் கன்னுக்குட்டியும் மாடுதான்."

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். சுந்தரவல்லி முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தவர், "ஏண்ணே" என்றார், "பேரு எதுக்கு? ஆளைத் தெரியணும்கிறதுக்குத்தானே. ஆளையே போட்டுட்டா?"

வெள்ளையப்பன் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "ஆளைப் பாத்தா பேரு தானா வந்துரும். ஒரு எழுத்தும் இல்ல. காத்தமுத்து, எடு தூரிகையை."

காத்தமுத்து தலையைச் சொறிந்தார். "வரையலாம் மாமா. ஆனா எனக்கு ஒரே ஒரு முகம்தான் வரும்."

"என்ன முகம்?"

"புது வீட்டு வாசல்ல திருஷ்டிக்கு மாட்டுவாங்களே, அந்தப் பூதம்."

குழு மறுபடி யோசனையில் ஆழ்ந்தது.

"அதுக்கு மீசை உண்டு, காசு குடுத்த அதிகாரிக்கும் உண்டு" என்றார் தவசி. "கண்ணு ரெண்டு. அதுவும் சரியா வருது."

"கண்ணாடி மாட்டிவிட்டா முடிஞ்சுது" என்றார் சுந்தரவல்லி.

"கொம்பு?"

"கொம்பு வேண்டாம்" என்றார் வெள்ளையப்பன். "அதிகாரிக்குக் கொம்பு வெச்சா மரியாதையா இருக்காது."

"நாக்கைத் தொங்கவிடணும் மாமா. அது இல்லாம என் கை நிக்காது."

"அவரு நாக்கை வெளியே விட்டு நான் பாக்கலை. உள்ள வை. பல்லு மட்டும் தெரியட்டும். சிரிச்ச முகமா இருக்கும்."

காசு கொடுத்தவரைச் சின்னதாகப் போடுவது அவமரியாதை என்பதால் முகம் சட்டத்திலிருந்து சட்டம் வரைக்கும் வந்தது. ஓரத்தில் மிஞ்சின இடத்தைக் காது எடுத்துக்கொண்டது. வேலை முடிந்ததும் நாலு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். தவசிக்கு லேசாக வேர்த்தது. "அவரேதான்" என்றார்.

மறுநாள் காலையில் டீச்சர் வந்த பஸ்ஸும் அதிகாரி வந்த ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அதனால் டீச்சர் எதையும் முன்கூட்டியே பார்க்க முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே நுழைந்தார்கள், சேர்ந்தே நின்றார்கள். சுவரில் கண்ணாடி போட்ட பூதம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு?" என்றார் அதிகாரி.

"நீங்கதான் சார்" என்றாள் பவளம்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். வெள்ளையப்பன் அவர் முகத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்றுவரை அவருக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. மூக்கு அவ்வளவு பெரிசாக இல்லையோ என்று தோன்றியது.

"ஒரு எழுத்தும் இல்லைங்கய்யா" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "நல்லாப் பாத்துக்குங்க."

"எழுத்து இல்ல, சரி. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன கணக்குக் கேக்கிறது? இதுல என்ன இருக்கு?"

அதிகாரி கோபத்தில்தான் கேட்டார். ஆனால் பவளம் வெள்ளையப்பன் மகள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள்.

"பல்லு இருக்கு சார். மேல பதினாலு. கீழ பதிமூணு. கூட்டினா இருபத்தேழு."

அதிகாரி போர்டுக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது. திரும்பி வந்து நின்றார். அப்புறம் அவருடைய கன்னம் ஒரு பக்கமாக லேசாகப் புடைத்தது. புடைப்பு மெதுவாக நகர்ந்து அந்தப் பக்கம் போனது. மேலேறி மறுபடி இந்தப் பக்கம் வந்தது. அவர் நாக்கு உள்ளுக்குள்ளே எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

எண்ணி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். 'கணக்கு சரி. பள்ளி இங்கேயே தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். வெள்ளையப்பன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜீப் வரைக்கும் போன அதிகாரி, அங்கிருந்து திரும்பி வந்து, காத்தமுத்துவை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப் போனார். வெள்ளையப்பனும் தலைவர் என்கிற முறையில் கூடவே போனார்.

"கீழ்ப் பல்லு ஒண்ணை நான் போன வாரம்தான் பிடுங்கினேன்" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "என் சம்சாரத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வெள்ளை பெயின்ட் தீந்துபோச்சுங்கய்யா" என்றார் காத்தமுத்து.

"மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் வெள்ளையப்பன். "நாளைக்கே டப்பா வாங்கிருவோம். அந்தப் பல்லையும் வெச்சிருவோம்."

அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது, ஆனால் கிளம்பவில்லை. அவர் தாடையைத் தடவிக்கொண்டே தலையை வெளியே நீட்டினார்.

"இடது பக்கம்" என்றார். "கடைசிக்கு முந்தினது."