மழவரையர் ஏந்திய வில்

முன்னொரு காலத்தில், காடு சூழ்ந்த ஒரு நாட்டில், வேட்டை என்றால் ஊண் உறக்கம் மறக்கும் ராஜா ஒருவர் இருந்தார். ஆனால் பாவம், அவருடைய வில்லுக்குத்தான் நேரம் சரியில்லை. ஒருமுறை அதைப் புல்லில் கிடத்தினார்கள்; பனியில் நாண் நனைந்து தளர்ந்தது. அடுத்த முறை அம்பறாத்தூணியை மரக்கிளையில் மாட்டினார்கள். அம்பெடுக்கக் கையை உள்ளே விட்ட ராஜாவின் முழங்கை வரை முசுறு எறும்புகள் ஏறின. பிறகு குதிரைமேல் கட்டினார்கள். குதிரை மண்ணில் படுத்துப் புரண்டது. மூன்று முறையும் எதிரே வந்த காட்டுப்பன்றி தப்பியது.

ராஜா கொதித்துப் போனார். "இனி என் வில்லும் தூணியும் தரையில் படக்கூடாது. மரத்தில் தொங்கக்கூடாது. விலங்கின்மேல் ஏறக்கூடாது. வியர்வை படுமாதலால் தோளிலும் வேண்டாம். ஏந்தியவர் இரு கைகளாலும் ஏந்தியிருக்க வேண்டும். நானே கேட்டு வாங்குமுன் இறக்கி வைத்தால், பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்!"

படைத்தலைவர் மழவரையருக்கு வாயெல்லாம் பல். ராஜாவைச் சிரிக்க வைத்தே அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த விகடகவி நக்கனை அவருக்குக் கண்டாலே ஆகாது.

"மகாராஜா, நாளை வில்லேந்தும் பேறு நக்கனுக்கே கிடைக்கட்டும்" என்றார் பணிவாக. ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

செய்தி கேட்டதும் நக்கனின் மனைவி குழலி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நிறைமாதம்.

"ஏங்க, இந்த வயித்தத் தூக்கிட்டு எந்த நாட்டுக்குன்னு நான் நடப்பேன்?"

நக்கன் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்தான்.

மறுநாள் காட்டில் வில்லையும் தூணியையும் ஒரே கட்டாகக் கட்டி, இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். உச்சிப்பொழுதில் தோள்கள் கழன்றுவிடும்போல் வலித்தன. ஒரு நிழலில் இலை போட்டார்கள். இறைச்சி மணம் கமகமத்தது.

மழவரையர் தொண்டையைச் செருமினார். "வேட்டைக் காட்டில் மன்னருக்குப் பரிமாறுவது வில் ஏந்தி வந்தவனல்லவா? அதுதானே நம் வழக்கம்! என்ன நக்கா, மரம்போல் நிற்கிறாய்?"

"ஆமாம், வழக்கத்தை மாற்றுவானேன்?" என்றார் பசியிலிருந்த ராஜா.

நக்கன் இலையைப் பார்த்தான். கையிலிருந்த கட்டைப் பார்த்தான். பிறகு மழவரையர் அருகில் போய், குரலைத் தாழ்த்தினான்.

"தளபதியாரே, பரிமாறுமுன் ஒரு சந்தேகம். அம்பு சிந்தாமலிருக்கத் தூணியின் வாயை நான்தான் கட்டினேன். எங்கள் வீட்டில் வைக்கோல் கட்டுக்குப் போடும் முடிச்சு. சரிதானே?"

மழவரையரின் கண்கள் விரிந்தன. "வைக்கோல் முடிச்சா! மன்னர் தூணிக்கா! கொடு இப்படி, மன்னரே பார்க்கட்டும் உன் லட்சணத்தை!" என்று கட்டை வெடுக்கெனப் பிடுங்கிக்கொண்டு ராஜாவிடம் ஓடினார்.

நக்கன் நிதானமாகக் கை கழுவினான். அகப்பையை எடுத்தான்.

"மகாராஜா, நக்கன் வில்லை விட்டுவிட்டான்!" என்று கூவினார் மழவரையர்.

"விட்டேனா? தாங்களல்லவா பிடுங்கினீர்கள்!" என்றபடி நக்கன் சோற்றைப் பரப்பினான். "பிரபு, வில் தரையில் இல்லை. மரத்தில் இல்லை. விலங்கின்மேலும் இல்லை, தளபதியாரிடம்தான் இருக்கிறது. ஏந்தியவர் இரு கைகளாலும் பத்திரமாக ஏந்தியிருக்கிறார்."

"நான் ஏந்தவில்லை! முடிச்சைக் காட்டத்தான் எடுத்தேன்!"

"அப்படியானால் கீழே வைத்துவிடுங்களேன், ஐயா."

மழவரையர் பாதி குனிந்தார். சட்டென்று நிமிர்ந்தார். மூக்கின்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. தலையை இப்படி ஆட்டினார், அப்படி ஆட்டினார், ஈ அசையவில்லை. உதட்டைக் குவித்து ஊதினார். ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

ராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நக்கனுக்குப் போட்டார். "உன் மனைவி உன்னைக் காணாமல் கலங்கியிருப்பாள். என் பல்லக்கில் ஏறி இப்போதே வீட்டுக்குப் போ."

"மகாராஜா… இந்த வில்?" என்று ஈனக்குரலில் கேட்டார் மழவரையர், கறிக்குழம்பைப் பார்த்தபடி.

ராஜா வயிறார உண்டு, நிழலில் காலை நீட்டிப் படுத்தார்.

"தூங்கி எழுந்ததும் கேட்கிறேன்" என்றார்.