வளைக்குள் முதலிடம்

மூங்கில் காட்டில் ஒரு காட்டுப்பூனை இருந்தது. எதிலும் தானே முதலில் நிற்க வேண்டும் என்பது அதன் வியாதி. "புலி எனக்குப் பெரியப்பா முறை!" என்று சொல்லிக்கொள்ளும். மெய்தானா என்று புலியிடம் யாரும் போய்க் கேட்டதில்லை. கேட்கப் போனவர் திரும்பி வந்து சொல்வாரா என்ன?

அன்று காலை முள்ளம்பன்றி குளத்தில் முதலில் வாய் வைத்துவிட்டது.

"அடேய்! நான் இருக்கும்போது நீ முந்துவதா?" என்று பூனை சீறியது. "இனி எங்கேயும் எனக்கு முன்னால் எவனும் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது! புரிந்ததா?"

"புரிந்தது ஐயா" என்று முள்ளம்பன்றி தள்ளி நின்றது.

மதியம் ஆலங்கட்டி மழை கொட்டியது. ஒவ்வொரு கட்டியும் நெல்லிக்காய் அளவு! ஒதுங்க இருந்தது ஒரே இடம், எறும்புதின்னி தோண்டிவிட்டுப் போன பழைய வளை. ஒற்றை வாசல், உள்ளே சரிவு. ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். திரும்ப இடமில்லை, பின்வாங்கித்தான் வெளியே வர வேண்டும்.

"விலகுங்கள்! முதல் மரியாதை எனக்கு!"

பூனை முண்டியடித்துப் போய் அடிக்குழியில் படுத்துக்கொண்டது. பிறகு முயல் நுழைந்தது. பிறகு கீரி. கடைசியாக முள்ளம்பன்றி. பாவம், அதன் பின்பாதி மழையில் நனைந்தது.

"கடைசியில் வந்தவன் கதியைப் பார்த்தாயா?" என்று பூனை சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. ஆனால் பூனையின் மூக்கில் சில்லென்று ஏதோ பட்டது. அடிக்குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது! புலியின் தம்பி மகன் பின்னங்காலால் முயலை உந்தித் தள்ளியது.

"வழி விடுங்கள்! நான்தான் முதலில் போக வேண்டும்!"

"எப்படி ஐயா?" என்றது முயல். "அடுக்கிய சட்டிகளில் அடிச்சட்டியை முதலில் உருவ முடியுமா? முள்ளம்பன்றி போக வேண்டும், அப்புறம் கீரி, அப்புறம் நான். அதற்குப் பிறகுதான் நீங்கள்!"

"அப்படியானால் சீக்கிரம் போய்த் தொலையுங்களேன்!"

வாசலில் இருந்த முள்ளம்பன்றி அசையவில்லை. "ஐயையோ! உங்களுக்கு முன்னால் நான் ஓரடி எடுத்து வைப்பதா? காலையில்தானே சொன்னீர்கள்!"

நுணல் மட்டுமா தன் வாயால் கெடும்? தண்ணீர் மோவாயைத் தொட்டதும் பூனைக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் கடைசி! முள்ளம்பன்றி அண்ணே, நான்தான் கடைசி! நீங்க முன்னால போங்க அண்ணே!"

"கொஞ்சம் உரக்க!" என்றது கீரி.

பூனை காடு அதிர அலறியது. அதன் பிறகே முள்ளம்பன்றி வெளியேறியது. கீரியும் முயலும் அடுத்தடுத்து வந்தன. சேற்றில் முக்கிய துடைப்பம் மாதிரி பூனை கடைசியாக வந்து சேர்ந்தது.

பட்ட பிறகு புத்தி வந்ததா? வந்தது, பாதி!

மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. மழைக்குப் பின் கிடைக்கும் விருந்தல்லவா! கீரியும் கரடியும் காட்டுக்கோழிகளும் வரிசையில் நின்றன. பூனை எல்லோருக்கும் பின்னால் போய் நின்றது.

"முன்னால் போங்கள், போங்கள்!" என்று வருவோரையெல்லாம் உபசரித்தது. கடைசியில் நிற்பவனுக்கே முதல் லாபம் என்ற ரகசியம் தனக்கு மட்டுமே தெரியும் என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

அதன் முறை வந்தபோது புற்றடியில் உதிர்ந்த இறகுகள்தான் கிடந்தன.

கீரி ஏப்பம் விட்டது. "வளை வேறு, புற்று வேறு ஐயா! அங்கே கடைசியில் நுழைந்தவன் முதலில் வெளியே வருவான். இங்கே முதலில் வந்தவன் முதலில் சாப்பிடுவான்."

இடத்தின் முறை தெரியாதவன், முதலில் நின்றாலும் முழுகுவான். கடைசியில் நின்றாலும் பட்டினி கிடப்பான்.