நன்றி வணக்கம் எங்கே வரும்?

அந்தப் பள்ளியில் தாளாளர் வைரவநாதன் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் அவர் யூகேஜி வகுப்பை எட்டிப் பார்த்தார். ஜெசிந்தா டீச்சர் ஒரு கதையின் தாள்களைக் கலைத்துப் போட்டிருக்க, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முட்டை உடையாம குஞ்சு எப்படிடி வரும்? இதுதான் முன்னாடி!" என்று ஒரு சிறுமி தோழியிடம் வாதாடினாள்.

"என்னம்மா இது, சந்தையா?" என்று தாளாளர் கத்தினார். "தடுமாறாம வாசிச்சாப் போதும். ஆண்டு விழாவுல எந்தப் பிள்ளையாவது கேள்வி கேட்டுச்சு, உங்களுக்கு வேலை இல்லை."

ஐந்து வயதுப் பிள்ளை யோசித்தால் இந்த மனிதருக்கு என்ன கொள்ளை போகிறது? ஜெசிந்தா "சரிங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

விழா மேடையில் தாளாளரின் உரையை எடுத்து வைப்பது ஜெசிந்தாவின் வேலை. தாள்களைக் கலைத்து வைத்தார்.

யாரோ எழுதிக் கொடுத்த உரை. வைரவநாதன் கணீரென்று வாசித்தார்: "இத்துடன் முடித்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்." அடுத்த தாளைப் புரட்டினார். "அனைவரையும் வருக வருக என வரவேற்கிறேன்."

முன்வரிசையில் ஒரு யூகேஜி சிறுமி எழுந்தாள். "சார், முடிச்சிட்டு ஏன் வாங்கன்னு கூப்பிடுறீங்க?"

பெற்றோர் கூட்டம் சிரித்துக் குலுங்கியது.

"யார் இதைக் கலைச்சது?" என்று தாளாளர் உறுமினார்.

"நான்தான் சார்," என்றார் ஜெசிந்தா. "ஆனா நீங்க ஒரு இடத்துலகூடத் தடுமாறலையே!"

கூட்டம் கைதட்டியது. அத்தனை பேர் முன்னால் ஜெசிந்தாவை வேலையைவிட்டு நீக்கத் தாளாளரால் முடியவில்லை. தாள்களை அடுக்கத் தொடங்கினார். அதிலும் திணறியபோது, அந்தச் சிறுமிதான் மேடையேறி முதல் தாளை எடுத்துக் கொடுத்தாள்.