மேசைமேல் எழுந்த வெள்ளி மலை

கடல் இன்னும் கொஞ்சம் கூடுதல் நீலமாக இருந்த காலத்தில், பவழத்தீவில் வளவராயன் என்றொரு ராஜா இருந்தான். எந்த வருஷம், எந்தத் திசை என்று நடுவில் நச்சரிக்காமல் கேளுங்கள்.

அவனிடம் கடல் கடந்து வந்த தட்டார்கள் செய்த வெள்ளிப் பாத்திரங்கள் இருந்தன. தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி உருவங்களை எழுப்பிய வேலை. கைப்பிடியில் அலை சுருண்டது. மூடியில் மீன் துள்ளியது. விளிம்பெல்லாம் இலையும் சிப்பியும் வழிந்தன. விளக்கேற்றினால் மேசையே நிலவில் மிதக்கும். விருந்தாளி எவ்வளவு பெரியவரோ, அவர் முன்னால் வெள்ளி அவ்வளவு உயரமாக நிற்க வேண்டும். அது அந்த அரண்மனை வழக்கம்.

ஒரு சமயம் மழை பொய்த்தது. தீவே கஞ்சிக்கு ஏங்கியது. அக்கரை ராஜா மருதக்கோன், "உங்கள் கஷ்டத்தை நேரில் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று அரிசிக் கப்பல்களோடு வந்தார்.

"எடு வெள்ளியை!" என்றான் வளவராயன்.

"ஊரே பட்டினி. உங்களுக்கு ஜம்பம் கேட்கிறதா?" என்றாள் ராணி மங்கைநல்லாள்.

"பிச்சைக்காரன் மாதிரி உட்காரச் சொல்கிறாயா? சும்மா இரு."

மருதக்கோனை மூடுபல்லக்கில் நேரே விருந்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளித் தட்டுகளைப் பார்த்தார். 'பாதி அரிசி போதும்' என்று நினைத்தார். கிண்ணங்களைப் பார்த்தார். 'கால்வாசி போதும்.' நடுவில் மலைபோல் நின்ற மூடிப் பாத்திரத்தைப் பார்த்தார். 'இவர்களுக்கு எதற்கு அரிசி?'

"ரொம்ப சந்தோஷம், வளவராயரே. உமக்கு ஒரு குறையும் இல்லை. நான் கிளம்புகிறேன்."

மேசையின் மறுமுனையில், வெள்ளிக்குப் பின்னால் மறைந்திருந்த வளவராயன் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ராணிக்குப் பொறுக்கவில்லை. "தூக்குங்கள் அந்த மலையை!" என்றாள். பாத்திரம் போனது. கிண்ணங்கள் போயின. தட்டுகள் போயின. அப்போதுதான் விருந்தாளி அந்த முகத்தைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, கிரீடம் காதுவரை இறங்கியிருந்தது.

"என்னய்யா இது! சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"பசிக்கிறது. எனக்கும், என் ஜனங்களுக்கும்" என்றான் வளவராயன். இதைச் சொல்ல இவ்வளவு நேரம்!

கப்பல்களிலிருந்த அரிசி முழுவதும் இறக்கப்பட்டது. அன்று மாலை தீவின் ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஆவி எழுந்து, வெண்மேகமாகச் சேர்ந்து, கடலின்மேல் மெல்ல நகர்ந்துபோனது.

இல்லாமையை ஜம்பத்தால் மூடி மறைத்தால், கொடுக்க வந்த கையும் திரும்பிப் போய்விடும்.